ஊதா டேம்பருக்குப் பொன்னாடை

ரூபேந்திரன் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம் எங்கள் கழகத்தின் வாட்ஸ்அப் குழுவில், "அண்ணன்மார்களே, என்ஜின் டேம்பர் எது வாங்கலாம்?" என்று கேட்டுவிட்டார். கூடவே கும்பிடும் கை படம் ஒன்றையும் போட்டார். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் இவர் பயந்த ஆள் என்று எல்லாருக்கும் தெரிந்துபோனது என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

அவரைக் கழகத்தில் சேர்த்துவிட்ட பாவி நான்தான். குளுவாங்கில் எங்கள் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு. மத்திய ஜொகூர் தமிழர் விரைவுக்கார் கழகத்துக்கு நான் செயலாளர். அதாவது கூட்டக் குறிப்பு எழுதுகிறவன், நாற்காலி அடுக்குகிறவன், மைக்கைத் தட்டி 'ஹலோ, ஹலோ' சொல்கிறவன். என்னிடம் விரைவுக்கார், அதாவது ஸ்போர்ட்ஸ் கார், கிடையாது. அதை ஒரு குறையாக யாரும் சொன்னதில்லை. விரைவுக்கார் வைத்திருந்த மற்றவர்களும் கூட்டத்துக்கு என்னைப் போலவே சாதாரணக் காரில்தான் வந்தார்கள்.

ரூபேந்திரன் மேசை நாற்காலித் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நாற்பத்து மூன்று வயதில், இரண்டே கதவுள்ள நீல நிற ஜப்பான் விரைவுக்கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். ஆனால் ஒன்றாம் கியரிலிருந்து இரண்டுக்கு மாற்றும்போது முன்பக்கமிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வரும். யாரோ பிடரியில் தட்டியதுபோல் ஒரு குலுக்கலும் வரும். அதைத் தினமும் வாங்கிக்கொண்டது பக்கத்து இருக்கையில் இருந்த அவர் மனைவி சந்திரமதி. அவர் மருத்துவமனையில் தாதி. பன்னிரண்டு மணி நேரம் நின்று வேலை பார்த்துவிட்டு வருகிற மனுஷிக்கு வீடு சேர்வதற்குள் பதினேழு தட்டு. அவரே எண்ணியிருக்கிறார்.

"ஏங்க, இன்னும் ஆறு வாரத்துல லோஷினி கல்யாணம். என் தங்கச்சி உங்க கார்லதான் கோயிலுக்குப் போவேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. அலங்காரம் பண்ணின பொண்ண டொக்கு டொக்குன்னு ஆட்டிக் கூட்டிட்டுப் போனீங்கன்னு வைங்க, மறுநாளே தங்காக் ஊரு ஜவுளிக்கடை முதலாளி கேட்டாரே, அவருக்கு இந்தக் காரை வித்துருவேன். நான் சும்மா மிரட்டல, தெரியும்ல?" என்றார் சந்திரமதி.

ரூபேந்திரனுக்குத் தெரியும். அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் அப்படித்தான் போனது.

டேம்பர் ஒன்றும் பெரிய சமாச்சாரம் இல்லை. முன்கை நீளத்துக்கு ஓர் அலுமினியத் தண்டு. ஒரு முனையை என்ஜினிலும் மறுமுனையைக் காரின் உடம்பிலும் பொருத்தினால், என்ஜின் துள்ளும்போது பிடித்துக்கொள்ளும். கார் செய்த கம்பெனி அதை வைக்கவில்லை. வெளிக் கம்பெனிகள் விதவிதமாகச் செய்து விற்கின்றன. ஒன்றை வாங்கினோமா, மாட்டினோமா என்று மனுஷன் போயிருக்கலாம். ஆனால் எங்கள் கழகத்தின் ஸ்டிக்கர் ஒட்டிய காரில் வெளிப் பாகம் எதை மாட்டுவதாக இருந்தாலும் அனுமதி வாங்க வேண்டும். ஸ்டிக்கர் போனால் கல்யாணத்துக்குக் கழகம் தருவதாகச் சொன்ன பத்துக் கார் அணிவகுப்பும் போய்விடும். மாப்பிள்ளை வீட்டார் அதைப் பத்திரிகையிலேயே அச்சடித்துவிட்டார்கள்.

கேள்வி போட்ட நான்காவது நிமிடத்தில் தலைவர் லெட்சுமணனின் பதில் வந்தது: "கேள்வி தவறான இடத்தில் கேட்கப்பட்டுள்ளது. நான்காம் படிவத்தை மூன்று பிரதிகளில் செயலாளரிடம் கொடுக்கவும்." நான்காம் படிவம் என்று ஒன்று அப்போது இல்லை. அன்றிரவே உட்கார்ந்து நான் அதைத் தயாரித்தேன்.

முதல் கூட்டம் வாழையிலை உணவகத்தின் மாடியில் நடந்தது. குத்துவிளக்கு ஏற்றினோம். தேவாரம் பாடினோம். பிறகு, உறுப்பினர் ஒருவரின், முந்தைய மாதம் காலமான கியர்பாக்ஸுக்கு ஒரு நிமிடம் மௌன அஞ்சலி செலுத்தினோம். ரூபேந்திரனும் எழுந்து நின்றார். யார் செத்தது என்று என்னிடம் குசுகுசுவென்று கேட்டார். சொன்னேன். தலையை மறுபடியும் கவிழ்த்துக்கொண்டார், பாவம்.

தலைவர் மைக்கைப் பிடித்தார்.

"இந்தக் கழகம் ஆரம்பிச்சுப் பதினொரு வருஷம் ஆச்சு. இன்னிய தேதி வரைக்கும் நம்ம உறுப்பினர் ஒருத்தர்கூட விபத்துல மாட்டினதில்ல. ஏன்?" சற்று நிறுத்தி எல்லாரையும் பார்த்தார். "ஏன்னா நாம காரை வெளியில எடுக்கிறதில்ல! எடுத்தா தேய்மானம். அந்தக் கட்டுப்பாடு வேற எந்தச் சங்கத்துக்காச்சும் இருக்கா?"

கைதட்டல் அடங்க நேரமானது. தலைவரின் சிவப்புக் கார் வீட்டில் போர்வைக்குள் இருக்கிறது. அதை நான் கடைசியாகப் பார்த்தது கோவிட்டுக்கு முன்னால்.

அடுத்தது நிறம். டேம்பர் ஊதாவிலும் கிடைக்கிறது, தங்க நிறத்திலும் கிடைக்கிறது. சபை உடனே இரண்டாகப் பிரிந்தது. ஊதாதான் கம்பீரம் என்றது ஒரு பக்கம். தங்கம்தான் மங்கலம் என்றது மறுபக்கம். ஒன்றரை மணி நேரம் போனது. கீழேயிருந்து கறிபாப் இரண்டு தட்டு வந்து தீர்ந்தது. ரூபேந்திரன் மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"மன்னிக்கணும். எனக்கு எந்த நிறம்னாலும் சரி. பானெட்டை மூடிட்டா வெளிய தெரியப் போறதில்லதானே?"

தொழில்நுட்பக் குழுத் தலைவர் மனோகரன் எழுந்தார். அவர் இடைநிலைப்பள்ளி ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆகவே எங்கள் விஞ்ஞானி. அவருடைய காரின் என்ஜின் நான்கு வருடமாக அவர் வீட்டு வரவேற்பறையில் தனியாக இருக்கிறது.

"அலமாக், என்ன தம்பி பேசுறீங்க? பானெட்டை மூடி வைக்கவா நாங்க இவ்வளவு பாடுபடுறோம்? மூடிட்டா அது வெறும் கார்லா!"

அடுத்த ஞாயிறு உணவகத்தின் பின்புறம் மனோகரன் சோதனை நடத்தினார். காரை நிறுத்திய இடத்திலேயே என்ஜினை ஓடவிட்டார். அதன் தலையில் ஒரு கிளாஸ் நிறையத் தே தாரேக் தேநீரை வைத்தார். பத்து நிமிடத்தில் எத்தனை சொட்டு சிந்துகிறது என்று மூன்று பேர் குனிந்து எண்ணினார்கள். நாற்பத்தொன்று என்று இருவரும், முப்பத்தெட்டு என்று ஒருவரும் சொன்னார்கள். சண்டை வந்தது.

"ஐயா, நிக்கும்போது பெரிய ஆட்டமே இல்லையே. ரெண்டாவது கியர்ல ஓடும்போதுதான் டொக்குன்னுது," என்றார் ரூபேந்திரன்.

"ஓடும்போது கிளாஸ் நிக்காது தம்பி. கிளாஸே நிக்காத சோதனையை நான் எப்படி அறிக்கையில எழுதுறது?"

சோதனை முடிந்ததும் மனோகரன் பானெட்டின் விளிம்பில் கழக முத்திரை குத்திய காகிதப் பட்டை ஒன்றை ஒட்டினார். டேம்பர் பொருத்தும் நாள் வரை யாரும் உள்ளே கைவைக்கக் கூடாதாம். கைவைத்தால் ஒப்பீட்டு ஆய்வு கெட்டுப்போகுமாம். ரூபேந்திரன் உறுதிமொழிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார். எந்தக் காகிதத்தை நீட்டினாலும் போடுகிற கை அவருக்கு. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இருந்தாலும் சாட்சிக் கையெழுத்து என்னுடையதுதான்.

மறுநாள் நாங்கள் இருவரும் செல்வாவிடம் போனோம். செல்வா ரயில்வே கேட் பக்கத்தில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிற போர்மன். இருபது வருடமாகக் கார் பழுது பார்க்கிறார். ரூபேந்திரன் வீட்டுக்கு வேண்டியவர். காரை மேலே தூக்கி, டார்ச்சை அடித்துப் பார்த்துவிட்டு, மூன்றே வார்த்தையில் முடித்தார்.

"மவுண்ட் ரப்பர் கிழிஞ்சிருக்குண்ணே."

"டேம்பர் போட்டா சரியாகுமா?" என்று கேட்டார் ரூபேந்திரன்.

"என்ஜின் உட்கார்ற ரப்பரே ரெண்டா பொளந்து கிடக்கு. மேல கம்பியக் கட்டி என்னண்ணே ஆகப்போவுது? ரப்பர மாத்துங்க, ஒரு மணி நேர வேலை. ஆனா மேலயிருந்தும் கை போகணும். இது என்ன பானெட்டுல, கோர்ட்டு நோட்டீஸ் மாதிரி?"

ரூபேந்திரன் என்னைப் பார்த்தார். நான் டயர் அடுக்கைப் பார்த்தேன்.

இரண்டாவது கூட்டத்தில் அவர் எழுந்து, செல்வா சொன்னதை அப்படியே சொன்னார். நல்ல மனுஷன், விஷயம் தெரிந்தால் எல்லாரும் சந்தோஷப்படுவார்கள் என்று நம்பினார். ரப்பர் என்ற சொல்லைக் கேட்டதும் தலைவர் லெட்சுமணன் கண்ணாடியைக் கழற்றினார். கண்ணைத் துடைத்தார்.

"ரப்பரா? மறுபடியும் ரப்பரா? தோழர்களே, நம்ம பாட்டன் பூட்டன் ரப்பர் மரத்தடியில சிந்தின ரத்தம் காஞ்சிருச்சா? விடியக் காலையில கொசுக்கடியில நாம பட்ட பாடு போதாதா? அந்த ரப்பர விட்டு முன்னேறி இந்தச் சமுதாயம் இன்னிக்கு அலுமினியத்துக்கு வந்திருக்கு. நம்மள மறுபடியும் ரப்பர்கிட்ட போகச் சொல்றவன் யாரு? அவன் பின்னால இருக்கிறது எந்தச் சக்தி?"

சபை பொங்கி எழுந்தது. இருவர் அழுதார்கள். தலைவரின் பாட்டன் ரப்பர் மரம் சீவியவர் அல்லர், சீவியவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தவர். அதைச் சொல்லி நான் ஏன் பொல்லாப்பைத் தேடிக்கொள்ள வேண்டும்?

"எங்கம்மாதான் சீவுனாங்க. லாபிஸ் பக்கத்துத் தோட்டத்துல, இருபத்தாறு வருஷம்," என்றார் ரூபேந்திரன் சின்னக் குரலில்.

"கேட்டீங்களா?" என்று கத்தினார் தலைவர். "அந்தத் தாயோட கண்ணீருக்காகவாச்சும் இந்தக் கார்ல டேம்பர் ஏறியே தீரும்!"

தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அதை எழுதியவன் நான். வீட்டுக்குத் திரும்பும் வழியில், "அந்தப் பட்டையைக் கிழிச்சிட்டு ரகசியமா மாத்திருங்களேன்," என்றேன். "கையெழுத்துப் போட்டிருக்கேனே. அணிவகுப்பு வேற வேணும். லோஷினி ஆசையா இருக்கா," என்றார். இரண்டாம் கியரில் டொக் என்றது.

டேம்பரைத் தேர்ந்தெடுக்க ஆய்வுக் குழு ஒன்று வேனில் புறப்பட்டது. தங்காக்குக்குப் போனார்கள். தங்காக்கில் ஊர் நிறையத் துணிக்கடை. டேம்பர் விற்கிற கடை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. காலையில் போன ஏழு பேரும் மாலையில் பதினொரு பொன்னாடைகளோடு திரும்பினார்கள். டேம்பர் எங்கே என்று கேட்டேன்.

"அது வரும்போது வெறுமனேயா வரவேற்கிறது? முதல்ல மரியாதைக்கு ஏற்பாடு பண்ணணும். அப்புறந்தான் பொருள்," என்றார் மனோகரன்.

கடைசியில் தண்டு ஊதாவும் முனைகள் தங்க நிறமுமாக ஒரு டேம்பரை இணையத்தில் வரவழைத்தார்கள். இரண்டு கோஷ்டிக்கும் திருப்தி. அது வந்து சேர்ந்தபோது கல்யாணத்துக்கு மூன்று நாள் பாக்கி. உடனே மாட்டிவிடலாம் என்றார் ரூபேந்திரன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. நாங்கள் கூட்டம் போட்டால் இருபது பேர் வருவார்கள், கல்யாணத்துக்கு அறுநூறு பேர் வருவார்கள். ஆகவே பொருத்தும் விழா கல்யாணத்தன்று காலை, லாபிஸில், பெண் வீட்டு வாசலில்.

சந்திரமதிக்கு விஷயம் தெரிந்தபோது அவர் கத்தவில்லை. தங்காக் முதலாளியின் எண்ணைத் தன் தொலைபேசியில் மேலே நகர்த்தி வைத்துக்கொண்டார். அதை ரூபேந்திரனிடம் காட்டவும் செய்தார்.

முகூர்த்தம் ஒன்பதுக்கு மேல் பத்தரைக்குள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது எட்டே முக்கால். பத்துக் கார் அணிவகுப்பில் வந்திருந்தவை மூன்று. அவற்றில் ஒன்று இழுவை லாரியின் முதுகில், ரிப்பன் கட்டிக்கொண்டு நின்றது. "லாரியோட சேர்த்தா நாலு," என்று தலைவர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். எழுதிக்கொண்டேன். அவர் மட்டும் மனைவியின் சின்னக் காரில் வந்திருந்தார். மழை வரும்போல் இருந்ததாம்.

முத்திரைப் பட்டை கைதட்டலோடு கிழிக்கப்பட்டது. மனோகரன் டேம்பரை மாட்டினார். அதற்குக் குங்குமம் வைத்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். லோஷினி பட்டுச் சேலையும் முழம் முழமாகப் பூவுமாக வாசலில் வந்து நின்றாள். தலைவர் பேசத் தொடங்கினார். ஒன்பதே கால் ஆனது. ஒன்பதரை ஆனது. லோஷினி மாலையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"அத்தான், நான் நடந்தே போயிடவா?" என்றாள்.

"இதோ, இதோம்மா," என்றார் ரூபேந்திரன். வேர்த்துக் கொட்டியது அவருக்கு.

"என்ஜினை ஓடவிடுங்க!" என்று ஆணையிட்டார் மனோகரன். "ஆட்டமே இல்லைன்னு சபை பார்க்கட்டும்!"

என்ஜின் உறுமியது. தலைவர் மஞ்சள் பொன்னாடை ஒன்றை உதறி விரித்தார். யாருக்குப் போர்த்தப் போகிறார் என்று, பெண்ணை அழைக்க மேளத்தோடு வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். அவர் குனிந்து, திறந்த பானெட்டுக்குள், டேம்பருக்குப் போர்த்தினார்.

"தலைவரே, ஓடுற என்ஜின்மேல துணி..." என்று இழுத்தார் ரூபேந்திரன்.

"மரியாதை நடக்கும்போது குறுக்க பேசாதீங்க தம்பி!"

குறுக்கே பேசியது என்ஜின்தான். பொன்னாடையின் ஜரிகைக் குஞ்சம் சுற்றிக்கொண்டிருந்த பெல்ட்டில் மாட்டியது. தட்டில் இருக்கும் மீ நூடுல்ஸை உறிஞ்சுவதுபோல் என்ஜின் அதைச் சரசரவென்று உள்ளே இழுத்தது. தலைவர் மறுமுனையை விடவில்லை. கழகச் சொத்தல்லவா! இடுப்பு வரை குனிந்த பிறகுதான் கையை விட்டார். என்ஜின் இரண்டு முறை இருமி நின்றுபோனது. கருகிய ஜரிகை வாடை தெரு முழுக்கப் பரவியது. மேளக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்திக்கொண்டார்.

சந்திரமதி படியிறங்கி வந்தார். "மணி ஒன்பதே முக்கால்," என்றார். தொலைபேசி கையில் இருந்தது.

அப்போதுதான் ரூபேந்திரனின் குரலை நான் முதல்முறையாக முழு அளவில் கேட்டேன்.

"எல்லாரும் தள்ளுங்க! தலைவரே, அந்தப் பக்கம் போய் நில்லுங்க. செல்வா! செல்வா எங்கப்பா?"

விருந்தாளியாக வந்து வெள்ளை வேட்டியில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்த செல்வா கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தார். துணியைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவினார். பாதிதான் வந்தது, கறுப்பும் மஞ்சளுமாக.

"பெல்ட் தப்பிச்சிருச்சுண்ணே. ஆனா இந்தக் கம்பி என் கைக்கு இடைஞ்சலா இருக்கு."

"கழட்டிப் போடு."

"தீர்மானம்..." என்றார் மனோகரன். ரூபேந்திரன் டேம்பரைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தார். கல்யாணம் முடியும்வரை மனோகரன் அதைப் பச்சைப்பிள்ளை மாதிரி மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

செல்வா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காருக்கடியில் படுத்தார். மிச்சப் பொன்னாடையை இறுக்கி மடித்து, கிழிந்த ரப்பரின் பிளவுக்குள் கெட்டியாகத் திணித்து, கம்பியால் வரிந்து கட்டினார். எழுந்தபோது வேட்டி முழுக்க எண்ணெய்.

"கோயில் மூணு கிலோமீட்டர்தானே? தாங்கும். நாளைக்குப் பட்டறைக்குக் கொண்டாங்க."

லோஷினி முன்னால் உட்கார்ந்தாள். சந்திரமதி பின்னால் இருந்த பொம்மை அளவு இருக்கையில் காலைக் குறுக்கி உட்கார்ந்தார். அவர் பக்கத்தில் நான். கார் புறப்பட்டது. ஒன்றாம் கியர். ரூபேந்திரன் கண்ணை ஒரு கணம் மூடித் திறந்து இரண்டுக்கு மாற்றினார்.

டொக் வரவில்லை.

மறுபடியும் ஒன்று, மறுபடியும் இரண்டு. லோஷினியின் தலையில் ஒரு பூகூட அசையவில்லை. கோயில் கோபுரம் தெரிந்தபோது சந்திரமதி தொலைபேசியைப் பைக்குள் போட்டார். "தங்காக் முதலாளிகிட்ட நானே சொல்லிடுறேன், விக்கலன்னு," என்றார். ரூபேந்திரன் மூக்கை உறிஞ்சினார். நானும் உறிஞ்சினேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் செல்வா ரப்பரை மாற்றினார். ஐம்பது நிமிடம் ஆனது.

இரண்டு வாரம் கழித்துக் கழகத்தின் கடிதம் ரூபேந்திரனுக்குப் போனது. கழகச் சொத்தான பொன்னாடையை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்று. தட்டச்சு செய்தவன் நான். அடுத்த கூட்ட நாளில் அவர் மாடியேறி வந்து, மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து, "வரேன்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிட்டார். உட்காரவில்லை. பெட்டிக்குள் கருகிய அரைப் பொன்னாடை, அதில் சுற்றிய கிழிந்த ரப்பர், அதன்மேல் உரித்தெடுத்த கழக ஸ்டிக்கர்.

தலைவர் ரப்பரை விரலால் தள்ளிவிட்டார். பொன்னாடையைத் தூக்கிப் பிடித்தார்.

"பார்த்தீங்களா? அந்தக் காரை ஓட வச்சது எது? நம்ம பொன்னாடை! இனிமே கழகத்துக் கார் ஒவ்வொண்ணுலயும் பொன்னாடை பொருத்தணும். எந்த நிறம்னு முடிவு பண்ண ஆய்வுக் குழு வர்ற சனிக்கிழமை தங்காக் போகுது!"

கைதட்டல். மஞ்சளா பச்சையா என்று அப்போதே ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. ரப்பரை என்ன செய்வது என்று மனோகரன் கேட்டார். காலமான பாகம் எதற்கும் அஞ்சலி உண்டு என்பது கழக விதி. எல்லாரும் எழுந்தோம். ஒரு நிமிடம் மௌனம்.

அந்த மௌனத்தில்தான் கீழே கார் கிளம்புவது கேட்டது. நான் ஜன்னல் பக்கம் நின்றிருந்தேன். நீலக் கார் சாலையில் ஏறியது. பக்கத்து இருக்கையில் சந்திரமதி, தாதிச் சீருடையிலேயே, தலையைச் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார். ஒன்றாம் கியர். இரண்டாம் கியர். அவர் விழிக்கவில்லை.

"அஞ்சலி நேரத்துல என்ன சத்தம் அது?" என்று சீறினார் தலைவர். "செயலாளர், குறிப்புல எழுதுங்க!"

எழுதினேன்: 'இரண்டாம் கியர் மாற்றப்பட்டது. சத்தம் எதுவும் கேட்கவில்லை.' பதினொரு வருடத்தில் அந்தப் புத்தகத்தில் ஏறிய முதல் உண்மை. அதற்குக் கீழே என் ராஜினாமாவையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, நாற்காலிகளை அடுக்காமலே மாடியிறங்கினேன்.